செத்த பிறகு நான்கு லட்சமா?

வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. அதில் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. சாவுக்குத் தொகை நிர்ணயித்த அரசு, அந்தச் சாவைத் தடுக்கும் கடமையை முதலாளியின் தலையில் சட்டமாக ஏற்றாமல் விட்டிருப்பது வன்மையாகக் கண்டிக்கத்தக்கது.

தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய்ப் பாருங்கள். மேலே வெயில்; கீழே வெள்ளை உப்பில் பட்டுத் தெறித்துக் கண்ணைக் கூசவைக்கும் ஒளி. கால் கடுக்க உப்பு சுமக்கும் பெண், தாகம் எடுத்தாலும் தண்ணீரை அளந்துதான் குடிக்கிறாள். ஒதுங்க மறைவிடம் இல்லையே! நீர் வற்றிய உடம்பில் கல்லடைப்பும் நீர்க்கடுப்பும் குடியேறுகின்றன. தார் ஊற்றுபவருக்குக் காலடியிலும் நெருப்பு. தளம் போடும் நாளில் சித்தாளுக்கு உட்காரவும் நேரமில்லை. உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் பேச்சு குழறும், நினைவு தப்பும். உடனே குளிர்விக்காவிட்டால் உயிர் போகும்.

இதற்கு அரசு தரும் மருந்து, கோடைதோறும் வரும் ஓர் அறிவிப்பு: நண்பகல் 12 முதல் 3 வரை வெளியே வராதீர்கள். யாருக்கு இந்த அறிவுரை? வேலைக்கு வராவிட்டால் அன்றைய கூலி போய்விடுமே! வேலை வாங்குபவரைக் கட்டுப்படுத்தாமல் வேலை செய்பவருக்குப் புத்தி சொல்வது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதே.

பக்கத்துக் கேரளத்தில், கோடையில் அந்த மூன்று மணி நேரம் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று தொழிலாளர் துறையே ஆணையிடுகிறது. கத்தாரில் 2021 முதல், ஜூன் 1 தொடங்கி செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை. வெப்பமும் ஈரப்பதமும் வெயிலும் சேர்ந்த குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால், எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். கடல் கடந்து போன நம் பிள்ளைக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, சொந்த ஊரில் உழைக்கும் அவன் தாய்க்கு ஏன் இல்லை?

கோடை தொடங்கும் முன் விதி வகுக்க வேண்டும். உச்சிவெயிலில் கட்டாய ஓய்வு. அந்த நேரத்துக்கும் கூலி. இல்லாவிட்டால் ஓய்வு பட்டினியாகிவிடும். பணியிடத்திலேயே நிழற்கொட்டகை, குடிநீர், பெண்களுக்குக் கழிப்பறை. ஒப்பந்தக்காரரைக் கைகாட்டி முதன்மை முதலாளி தப்ப முடியாதபடி தண்டனை. உச்சிவேளையில் களத்துக்கே வரும் ஆய்வாளர்.

வெயிலுக்கு அரசு ஆணையிட முடியாது. வேலை வாங்குபவருக்கு ஆணையிட முடியும். அந்த ஆணையை உடனே பிறப்பியுங்கள்.