ஈரெழுத்துக்கு இத்தனை எரிச்சலா?

மயிலை மாடவீதிகளிலே மெத்தப் படித்த நண்பர் சிலர் உண்டு. நம்மைக் கண்டதும் அவர்தம் இதழோரத்தில் ஒரு குறுநகை அரும்பும். "ஸ்ரீயை விரட்டிவிட்டுத் திருவை அரியணை ஏற்றினீர்களே! அந்தத் திருவே ஸ்ரீயின் திரிபுதான் என்பதை அறியீரோ?" என்பர். ஏதோ நாம் வெளியே தள்ளிய விருந்தாளி வேறு சட்டை மாட்டிக்கொண்டு நம் வீட்டுக்குள்ளேயே அமர்ந்திருப்பது போலவும், அதனை நாம் அறியாத அப்பாவிகள் போலவும் அவர்தம் பேச்சு!

திரிபு என்கிறார்களே, எவ்வாறு திரிந்தது? கேட்டால், திருதிருவென விழிப்பர். ஸ்ரீ என்னும் வடசொல் தமிழன் நாவில் ஏறியபோது என்னவாயிற்று என்பதைத் தெருவில் நடப்போரிடம் கேட்டாலே தெரியும். ஸ்ரீநிவாசன் சீனிவாசன் ஆனான். ஸ்ரீதேவி சீதேவி ஆனாள். ஸ்ரீரங்கத்தைச் சிற்றூர்க் கிழவி சீரங்கம் என்கிறாள். பிராகிருதத்தில் அது 'சிரி'. கன்னடத்திலும் தெலுங்கிலும் 'சிரி'. சிங்களத்திலும் 'சிரி'. நாற்புறமும் சகரமாகவே ஒலிக்கும் ஒரு சொல், தமிழ் எல்லைக்குள் கால்வைத்ததும் தகரமாகிவிட்டதாம்! "மாசம் மாதமாகவில்லையா?" என மடக்குவோர் உண்டு. ஆயிற்று, மறுக்கவில்லை. அது சொல்லின் நடுவிலே நேர்ந்த மாற்றம். சொல்லின் முதலில் நின்ற சகரமோ, சிரமணர் 'சமணர்' ஆனது போல நிலைத்து நின்றது, அல்லது 'அமணர்' ஆனது போல உதிர்ந்து போயிற்று. சீனிவாசனும் திருமாலும், சீதேவியும் திருமகளும் ஒரே தமிழில் இருவேறு சொற்களாக உலவும்போது, ஒன்றை மற்றொன்றின் குழந்தை என்பதற்குச் சான்று வேண்டாமா?

திருக்குறளிலே 'திரு' செல்வமாக வருகிறது. செல்வத்தின் தெய்வமாகவும் வருகிறது. சங்கப் பாடல்களில் அழகாகவும் பொலிவாகவும் வருகிறது. வள்ளுவர் பிறந்த ஊர் மயிலை என்றொரு வழக்கு உண்டு. அங்கே அவருக்குக் கோயிலும் உண்டு. அந்தக் கோயில் வாசலிலே நின்று, "ஸ்ரீவள்ளுவர் இயற்றிய ஸ்ரீக்குறள்" என்று சொல்லிப் பார்க்கட்டும், இரண்டும் ஒன்றே என்போர். நாக்கு ஒப்புமா?

வேளச்சேரி செல்லும் பறக்கும் தொடர்வண்டியில் ஏறுங்கள். திருவல்லிக்கேணி வரும்; திருமயிலை வரும்; அடையாற்றைக் கடந்தால் திருவான்மியூர் வரும். வெள்ளைக்காரன் திருவல்லிக்கேணியை 'டிரிப்ளிகேன்' என்று சிதைத்தான். அந்தச் சிதைவிலும் திருவின் எலும்பு மிச்சமிருந்தது. ஆனால் திருவரங்கம் ஸ்ரீரங்கமானபோது என்ன மிஞ்சியது? திருப்பெரும்புதூர் ஸ்ரீபெரும்புதூர் ஆயிற்று. திருவில்லிபுத்தூர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆயிற்று. ஆழ்வார்கள் திருவரங்கம் என்றே பாடினர். அவர்தம் பாசுரத்தை ஓதும் வாய்களே, ஊர்ப் பெயரைச் சொல்லும்போது மட்டும் ஸ்ரீயைத் தேடுகின்றன! திருமறைக்காட்டை வேதாரண்யமாக்கியதும், திருமுதுகுன்றத்தை விருத்தாசலமாக்கியதும் இதே கைவேலை. இரண்டும் ஒரே சொல் எனில், இருந்ததை அழித்து மற்றதை எழுதுவானேன்?

இத்துடன் நம்மவர் சிலருக்கும் ஒரு சொல். உலகத்துச் சொற்களை எல்லாம் தமிழ்த் தொட்டிலில் கிடத்தித் தாலாட்டும் ஆர்வம் அவர்களுக்கு உண்டு. தியாகராய நகர்க் கடைகளில் நொடிக்கொருமுறை ஒலிக்கும் 'சாரை'யும் தமிழாக்கிவிடுவர். வேண்டாம், அந்த வீண்வேலை! அந்நகருக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயருக்கு ஆங்கில அரசு அளித்த 'சர்' பட்டம், இலத்தீனின் 'சீனியர்' என்பதில் பிறந்தது. 'மூத்தவர்' என்பது பொருள். இசுபானியரின் செஞோர், இத்தாலியரின் சிஞ்ஞோர், பிரெஞ்சுக்காரரின் முசியே எல்லாம் அந்தக் கிழவரின் பேரப்பிள்ளைகளே. செருமானியரின் 'ஹெர்' என்பதற்கும் நரைத்தவர், மூத்தவர் என்பதே அடிப்பொருள். ஆங்கிலேயரின் 'மிஸ்டர்' எசமானனிலிருந்து வந்தது. ஸ்ரீயோ ஒளியையும் வளத்தையும் குறிப்பது. பழம்பாரசீகரின் அவெசுத்தாவிலும் அதன் உறவுச்சொல் அழகைக் குறிக்கிறது. கடல் கடந்து மலாய் மன்னர்களின் பட்டங்களிலும் அது ஏறியது. பெருமைக்குரிய சொல்தான், யார் இல்லை என்றார்? அதன் பெருமையை அதன் வீட்டிலே வைத்துக்கொள்ளட்டும் என்பதே நம் வழக்கு.

"ஒரு சின்னச் சொல்லுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்பாரை இலங்கைக்கு அழைக்கின்றோம். 1957 முதல் அங்கே வண்டிகளின் எண்பலகையில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துப் பொறிக்கப்பட்டது. ஒரே ஓர் எழுத்து! தமிழர் அதை ஏற்க மறுத்தனர். 1958இல் தமிழ்ப் பகுதிகளில் அந்த எழுத்தின்மீது தார் பூசினர். தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மீது பதில்தார் பூசப்பட்டது. ஏப்ரல் 9 அன்று பண்டாரநாயகா – செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் தமிழர்தம் குருதி ஓடிற்று. 1972இல் அந்நாடு தன் பெயர்முன் ஸ்ரீயைச் சூட்டிக்கொண்டது. தமிழிலோ இன்றும் அதற்கு 'இலங்கை' என்பதே அரசியற் பெயர். எழுத்து சிறிது; அதை எவர் எவர்மீது எழுதுகிறார் என்பது சிறிதன்று.

1967இல் ஆட்சிப் பொறுப்பேற்ற அண்ணாவின் அரசு, ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி என்பவற்றை அகற்றித் திரு, திருமதி, செல்வி என்று எழுதச் செய்தது. ஒலி மாறியது மட்டுமா? ஸ்ரீ படிக்கட்டுள்ள சொல். சாதாரணர்க்கு ஒன்று, மடாதிபதிக்கு 'ஸ்ரீலஸ்ரீ', வடநாட்டுச் சாமியார்க்கு 'ஸ்ரீ 108' என எண்ணே உண்டு! திருவுக்கு அந்தப் பாடு இல்லை. அமைச்சரும் திரு, அலுவலகக் கடைநிலை ஊழியரும் திரு. ஏச்சுப் பெயர்களால் மட்டுமே அழைக்கப்பட்டு வந்தோர் திருநங்கையர் ஆயினர். 2008இல் தமிழ்நாட்டில் அவர்க்கென நலவாரியமும் அமைந்தது. ஒதுக்கப்பட்டோரின் தலையிலே மகுடமாக அமர முடிந்த சொல் அது.

ஆயினும், வேலை முடிந்துவிட்டதா? முடியவில்லை என்கின்றோம். திருமதியைப் பாருங்கள். அதிலுள்ள 'மதி' நிலவுமன்று, அறிவுமன்று. ஸ்ரீமதியின் வடமொழி விகுதி. தலையை மாற்றிவிட்டு வாலை அப்படியே விட்டுவிட்டோம். வால் இருந்தாலும் இருக்கட்டும். அந்த வாலில் கட்டியிருக்கும் தாலியை என் செய்வது? ஆணுக்கு மணத்தின் முன்னும் பின்னும் ஒரே திரு. பெண்ணுக்கோ, மணமாகாதவரை செல்வி, ஆனபின் திருமதி. அஞ்சலகத்திலே கணக்குத் தொடங்க வந்தவளிடம், "கழுத்தைக் காட்டு" என்று கேட்பதற்கும் படிவத்திலே இக்கட்டத்தை நிரப்பச் சொல்வதற்கும் என்ன வேறுபாடு? மராட்டியத்திலே வாழும் கணவனை உடையவள் 'சௌபாக்கியவதி', இழந்தவள் 'ஸ்ரீமதி' எனப் பிரித்தெழுதும் வழக்கம் உண்டு. 2023இல் அங்கே அமைச்சர் ஒருவர், கைம்பெண்களைக் 'கங்கா பாகீரதி' எனக் குறிக்கலாம் என்றார், எதிர்ப்புக் கிளம்பிற்று. நம் திருமண அழைப்பிதழ்களில் 'சௌபாக்கியவதி' இன்னும் வாழ்கிறாள். மயிலையிலும் அடையாற்றிலும் மட்டுமன்று, நம் தோழர்தம் இல்லங்களிலும்தான்!

ஆண், பெண், மணமானவர், ஆகாதவர், துணையை இழந்தவர் எவர்க்கும் பொருந்தும் 'திருமிகு' என்னும் சொல் மேடைகளிலும் மடல்களிலும் ஏற்கெனவே வழங்கி வருகிறது. வாலும் இல்லை, தாலியும் இல்லை. அரசுப் படிவங்களிலே மூன்று கட்டங்களை நீக்கிவிட்டு அந்த ஒரு சொல்லை அச்சிடச் சொல்லுங்கள். 1967இல் ஸ்ரீயை எடுக்கச் செலவான மையைவிடக் குறைவாகவே செலவாகும்.