வண்டியும் வழியும்

2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதிக்கு 2025ஆம் ஆண்டில் மீண்டும் இசைவு கிடைத்தது. அதன்பின் தம்புள்ளை வாழ் அன்பர்களிடையும் ஒரு வினா எழுந்துள்ளது: பெற்றோலா, ஹைபிரிட்டா, மின்சாரமா?

2022ஆம் ஆண்டில் எரிபொருள் நிலையங்களின் முன் இரவு பகலாய்க் காத்து நின்றதை நாம் மறந்திலோம். ஆயின், அவ்வாண்டிலேயே மின்வெட்டும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. ஆதலின், பெற்றோலை வெறுத்து மின்சாரத்தைச் சரணடைதல் மட்டும் அறிவுடைமை ஆகாது.

வண்டியைத் தெரியுமுன் வழியைத் தெரிதல் வேண்டும் என்பதே எமது கருத்து. சொந்த மனையில் மின்னேற்றும் வசதியுடையராய், நாடோறும் மாத்தளை சென்று மீள்வோர்க்கு மின்சாரக் கார் சாலவும் ஏற்றது. அவ்வசதியின்றி, பொருளாதார மத்திய நிலையத்து லொறிகளிடையே நின்றும் ஊர்ந்தும் செல்வோர்க்கு ஹைபிரிட் நன்று. வேகந் தணிக்கையில் வீணாகும் ஆற்றலை அது மின்கலத்திற் சேர்த்துக்கொள்ளும். திங்களிற் சில நாளே வண்டியெடுப்போர்க்குச் சிறிய பெற்றோல் கார் போதும்.

பாவித்த மின்சாரக் காரை நாடுவோர் மின்கலத்தின் நலத்தைச் சோதித்த பின்னரே பணங் கொடுக்க. வெப்பம் மின்கலத்தை விரைந்து மூப்பிக்கும். எமது ஊரோ வறண்ட வலயத்தது.

அயலார் வாங்கினர் என்பதற்காகக் கடன்பட்டு, பிள்ளைகளின் கல்விப் பொருளைச் சில்லுகளில் உருட்டிவிடாதிருப்போமாக.