பாணுக்குள் பூசணி

"வீட்டில பாண் சுடுங்கோ, காசும் மிச்சம், சுகமும் மிச்சம்" எண்டு சொல்லுற வீடியோ ஒன்றை வாரம் ஒருக்கா யாராவது எனக்கு அனுப்பிவிடுகிறார்கள். மரக்கறி போட்டு ஈஸ்ட் பாண் சுடுகிறவன் எண்டபடியால் எனக்குப் பிடிக்கும் எண்ட நினைப்பு. எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

முதலில் காசு. பேக்கரிக்காரர் ஒரே போறணைச் சூட்டில் எத்தனையோ றாத்தல் பாண் இறக்குவார். நான் இரண்டு சின்னப் பாணுக்காக முக்கால் மணித்தியாலம் ஓவனை எரிய விடுகிறேன். மா, ஈஸ்ட், எண்ணெய் எல்லாம் சில்லறை விலைக்கு. இதில் மிச்சம் எங்கே?

"பூசணி போட்டால் கோதுமை மா குறையுமே" என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். கோதுமை முழுக்கக் கப்பலில் வருகிறது, பூசணியோ விலை விழுந்து தோட்டத்திலேயே அழுகுகிறது, இரண்டையும் சேர்த்தால் நாட்டுக்கே நல்லதுதானே! ஆனால் பூசணியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணி. அது மாவுக்குப் பதிலாக நிற்காது, நாங்கள் விடுகிற தண்ணிக்குப் பதிலாகத்தான் நிற்கும். பாணைத் தூக்கி நிறுத்துவது கோதுமையில் இருக்கிற குளூட்டன். மாவும் பூசணியும் சரிபாதி போட்டுப் பார்த்தேன். வந்தது பாண் இல்லை, களி.

பிறகு ஏன் இந்தக் கோபம்? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தது ஞாபகம் இருக்கும். காஸ் இல்லாமல் பேக்கரிகளும் மூடிக்கிடந்தன. அப்பவும் இதே புத்திமதிதான்: வீட்டில செய்யுங்கோ. எங்கள் வீட்டில் செய்தது அம்மா. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிண்டு வந்து, பூசணி அவித்து, மா குழைத்து வைச்சா. பாதி வெந்த நேரம் கரண்ட் போட்டுது. சட்டிக்குள் மணல் பரப்பி, விறகடுப்பில் ஏற்றி, மூடிக்கு மேலே தணல் போட்டு மிச்சத்தை வேக வைச்சா. அடி கருகி, மேல் மஞ்சளாய் வந்த பாணை நான் படம் எடுத்துப் போட்டேன். நிறையப் பேர் விருப்பம் போட்டார்கள். அம்மா மணிக்கட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தா. படத்தில் அது இல்லை.

வீட்டில் செய்தால் மிச்சம் என்கிற கணக்கில் குழைக்கிற கைக்குச் சம்பளம் போடுவதே இல்லை. அதனால்தான் அது மிச்சம் மாதிரித் தெரிகிறது.

இப்ப நான்தான் குழைக்கிறேன். ருசிக்காக மட்டும். பூசணி போட்ட பாண் அடுத்த நாளும் மெத்தெண்டு இருக்கும், அந்த நிறமும் வேறெதிலும் வராது. அரைக் கிலோ மாவுக்கு 200 கிராம் பூசணி. தண்ணியில் அவிக்காமல் ஆவியில் அவித்து, ஆறவிட்டு மசியுங்கோ. சூட்டோடு போட்டால் ஈஸ்ட் செத்துப்போகும். ஈஸ்ட் இரண்டு தேக்கரண்டி, உப்பு ஒன்றரை. தண்ணியைக் கடைசியாக, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கோ, நினைக்கிறதில் பாதியும் தேவைப்படாது. பத்து நிமிடமாவது குழைக்க வேணும். யாழ்ப்பாண வெயிலுக்கு ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே இரண்டு மடங்காகப் பொங்கிவிடும். நுவரெலியாவில் இருக்கிற சிநேகிதன் பின்னேரம் மட்டும் காத்திருக்கிறானாம். மணிக்கூட்டைப் பார்க்காமல் மாவைப் பாருங்கோ. லீக்ஸ் போடுகிறதெண்டால் வதக்கிப் போடுங்கோ. பச்சையாகப் போட்டால் தண்ணி விட்டு மா கையில் ஒட்டும்.

அம்மா கதிரையில் இருந்து கொண்டு, "இன்னும் குழை, காணாது" எண்டு சொல்லுறா. ஏழாவது நிமிடத்தில் எனக்கும் மணிக்கட்டு நோகத் தொடங்குகிறது.