எதில் இருபது சதவீதம்?

ஆடி மாதத்தில் ஜவுளிக்கடை வாசலில் ‘50% + 20% தள்ளுபடி’ என்று பலகை தொங்கும். பார்த்ததும் எழுபது சதவீதம் என்று மனம் கூட்டிவிடுகிறது. ஆயிரம் ரூபாய்ச் சேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் 500 கழிகிறது. அடுத்த இருபது சதவீதம் மீதியுள்ள 500க்குத்தான். அது 100 ரூபாய். ஆக, நாம் கொடுப்பது 400. மொத்தத் தள்ளுபடி 60 சதவீதம். மிச்சம் பத்து எங்கே போனது? ஏற்கெனவே கழிந்துபோன 500க்கும் சேர்த்து நாம் இருபது சதவீதம் எதிர்பார்த்தோம். அங்கேதான் கணக்கு பிசகியது.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வின் திறனறிவுப் பகுதிக்குத் தயாராகும் பிள்ளைகள் தடுக்கி விழுவதும் இதே இடத்தில்தான். ‘ஒருவரின் சம்பளம் 20% உயர்ந்து, பிறகு 20% குறைந்தால் நிகர மாற்றம் என்ன?’ ‘மாற்றமில்லை’ என்ற விடை கண்முன்னே நிற்கும். அதைத் தொடும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: எதில் இருபது? உயர்ந்தது 100இல் இருபது. குறைந்தது 120இல் இருபது, அதாவது 24. எனவே கையில் நிற்பது 96. நான்கு சதவீதம் நட்டம்.

இதற்கொரு சூத்திரம் உண்டு. இரண்டு சதவீதங்களையும் கூட்டி, அவற்றின் பெருக்குத்தொகையை நூறால் வகுத்துச் சேர்க்க வேண்டும். குறைவு என்றால் கழித்தல் குறி. சரியான சூத்திரம்தான். ஆனாலும் அதை மட்டும் மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்றாவது மாற்றம் ஒன்று வந்தால் மீண்டும் ஒருமுறை போட வேண்டும்; குறி ஒன்று தவறினால் விடையே மாறிவிடும். கேள்வியைத் திருப்பிப் போட்டாலோ பலருக்குக் கை ஓடுவதில்லை.

அதைவிட, ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு பெருக்கலாகப் பார்ப்பது நல்லது. 20% உயர்வு என்றால் 1.2ஆல் பெருக்கு; 20% குறைவு என்றால் 0.8ஆல் பெருக்கு. 1.2 × 0.8 = 0.96. ஆண்டுக்கு 10% வீதம் மூன்று ஆண்டுகள் வளரும் ஊரின் மக்கள்தொகைக்கு 1.1ஐ மூன்று முறை பெருக்கினால் 1.331, வளர்ச்சி 33.1%. பெருக்கலில் வரிசை முக்கியமில்லை என்பதால், கடைக்காரர் இருபதை முதலில் கழித்தாலும் ஐம்பதை முதலில் கழித்தாலும் சேலையின் விலை அதே 400தான்.

திருப்பிப் போட்ட கேள்விகளில்தான் இதன் அருமை தெரியும். ‘20%, 10% என அடுத்தடுத்த தள்ளுபடிகளுக்குப் பிறகு ஒரு பொருள் 720 ரூபாய். குறித்த விலை என்ன?’ மொத்தத் தள்ளுபடி 28% என்று கண்டுபிடித்துவிட்டு, 720இல் 28 சதவீதத்தைக் கூட்டுபவர்கள் நிறையப் பேர். ஆனால் அந்த 28 சதவீதம் 720க்கு உரியதல்ல. இன்னும் தெரியாத பழைய விலைக்கு உரியது. 0.8 × 0.9 = 0.72. எந்த எண்ணை 0.72ஆல் பெருக்கினால் 720 வரும்? ஆயிரம்.

இன்னொன்று. எண்ணெய் விலை 25% ஏறிவிட்டது. செலவு கூடாமலிருக்க வீட்டில் எவ்வளவு குறைக்க வேண்டும்? 25 அல்ல, 20 சதவீதம். நான்கு ரூபாய் ஐந்து ரூபாயானதாக நினைத்தால் போதும். அதே காசில் இனி ஐந்து பங்குக்கு நான்கு பங்குதான் கிடைக்கும்.

செவ்வகத்தின் நீளம் 10% கூடி, அகலம் 10% குறைந்தால் பரப்பு என்னவாகும் என்பது வடிவியல் போலத் தோன்றும். 1.1 × 0.9 = 0.99, ஒரு சதவீதம் குறையும். முன்பு பார்த்த சம்பளக் கணக்கேதான் இதுவும்.