ரசிகனுக்குப் புரியும், சார்!

'அடுத்து ஒரு டபுள் ஆக்‌ஷன் காமெடி பண்றேன்' என்று எந்த டைரக்டராவது பேட்டி கொடுத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆள் மாறாட்டக் காமெடிதான் உலகத்திலேயே சுலபமான சரக்கு என்று சினிமாக்காரர்களுக்கு ஒரு நினைப்பு. ஹீரோவுக்கு இரண்டு வேஷம், ஒருத்தருக்குக் கண்ணாடி, இன்னொருத்தருக்குக் குறுந்தாடி, இரண்டு ஹீரோயின், வெளிநாட்டில் இரண்டு பாட்டு. தீர்ந்தது கதை!

தீரவில்லை. இந்தத் தொழிலில் உலகத்துக்கு 2,200 வருஷ அனுபவம் இருக்கிறது. படம் எடுக்குமுன் அதைக் கொஞ்சம் எட்டிப் பாருங்களேன் என்பதுதான் என் மனு.

பிளாட்டஸ் என்று பழைய ரோமில் ஒரு நாடகக்காரர். சின்ன வயதில் பிரிந்துபோன இரட்டையரில் ஒருவன், இன்னொருவன் வாழும் ஊருக்கு வந்து இறங்குகிறான். ஊரே ஆளை மாற்றி நினைக்கிறது. இதுதான் அவர் சரக்கு. ஷேக்ஸ்பியர் இதை எடுத்துக்கொண்டார். எஜமான் ஜோடி போதாதென்று வேலைக்கார ஜோடியையும் சேர்த்து 'காமெடி ஆஃப் எரர்ஸ்' எழுதினார். அவருடைய நாடகங்களிலேயே சின்னது. ஒரே ஊர், ஒரே பகல். 1594 டிசம்பர் 28 இரவு, லண்டனில் வக்கீல்கள் தங்கிப் படிக்கும் கிரேஸ் இன்னில் நடந்தபோது கூட்டமும் குழப்பமும் கட்டுக்கு அடங்காமல் போய், அந்த ராத்திரிக்கே 'தப்புகளின் இரவு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நம் நாட்டில் 1869-லேயே ஈசுவர சந்திர வித்யாசாகர் அதை வங்காளத்தில் 'பிராந்தி பிலாஸ்' என்று உரைநடைக் கதையாக்கிவிட்டார். 1963-ல் உத்தம்குமார் நடித்து அதே பெயரில் படம். 1968-ல் குல்சார் திரைக்கதை எழுத, கிஷோர்குமார் நடித்து 'தோ தூனி சார்' என்று இந்திப் படம். ஓடவில்லை. குல்சார் விடுகிற ஆளா? 1982-ல் தானே டைரக்ட் செய்து 'அங்கூர்' எடுத்தார். ஷியாம் பெனகலின் 'அங்குர்' வேறு. அது முளை, இது திராட்சை. தமிழில் எழுதினால் இரண்டும் இரட்டைப் பிறவி!

ஒரே கதை, ஒரே எழுத்தாளர். ஒரு தடவை விழுந்தது, மறு தடவை இன்றைக்கும் டி.வி.யில் போட்டால் ஜனங்கள் எழுந்து போக மாட்டேன் என்கிறார்கள். எனவே 'கதை ராசி' என்று புருடா விடாதீர்கள். வித்தியாசம் வேலையில் இருக்கிறது.

ஷேக்ஸ்பியரின் மூலத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. வெளியூர்க்காரன் கிளம்பியதே தொலைந்துபோன அண்ணன் தம்பியைத் தேடித்தான். வந்த ஊரில் எல்லோரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், முன்பின் தெரியாத ஒரு பெண் 'சாப்பிட வாங்க' என்று கையைப் பிடித்து இழுக்கிறாள். 'அட, நம்ம உடன்பிறப்பு இங்கேதான் இருக்கான்' என்று அந்த மனுஷனுக்கு ஏன் உறைக்கவில்லை? மேடையில் இது செல்லும். வசனமும் வேகமும் நம்மை யோசிக்க விடாது. சினிமாவில் காமிரா முகத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. முதல் பெஞ்ச் ரசிகனே கேட்டுவிடுவான்.

குல்சார் என்ன செய்தார் தெரியுமா? அவருடைய வெளியூர் அசோக், யாரையும் தேடி வரவில்லை. திராட்சைத் தோட்டம் வாங்க வருகிறான். கையில் பணம். போதாததற்குத் துப்பறியும் நாவல் பைத்தியம். யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், 'ஆஹா, பணத்தைப் பிடுங்க ஒரு கும்பல் திட்டம் போட்டிருக்கு' என்று நடுங்குகிறான். மனைவி எவ்வளவு பாசம் காட்டுகிறாளோ அவ்வளவு பயம். ஓட்டையும் அடைபட்டது, அடைத்த இடத்திலிருந்தே சிரிப்பும் வந்தது. மேடை நாடகத்தைச் சினிமாவாக்குவது என்றால் இதுதான் சார். மற்றதெல்லாம் ஜெராக்ஸ்.

இன்னொன்று. சஞ்சீவ்குமாரும் தேவன் வர்மாவும் ஆளுக்கு இரண்டு வேஷம் போட்டும், நான் காமெடி பண்ணுகிறேன் என்று முகத்தைக் கோணவில்லை. உண்மையிலேயே மாட்டிக்கொண்டவர்கள் போலத் தவிக்கிறார்கள். நாம் சிரிக்கிறோம். ஒரே முகங்கள் நேருக்கு நேர் சந்திப்பதைக் கடைசி வரை தள்ளிப்போடுகிறார் டைரக்டர். டபுள் ஆக்‌ஷன் டெக்னிக் கையில் இருந்தும் ஆசையை அடக்கியதுதான் அவர் சாமர்த்தியம். சந்தித்துவிட்டால் கதை குளோஸ்!

இப்போது 2022-க்கு வாருங்கள். அதே 'அங்கூர்' கதையை ரோஹித் ஷெட்டி 'சர்க்கஸ்' என்று எடுத்தார். ரன்வீர் சிங் இரண்டு, வருண் சர்மா இரண்டு. ஒரு ரன்வீர் சர்க்கஸில் மின்சார மனிதன். இவர் இங்கே கரண்டைத் தொட்டால் அங்கே பெங்களூரில் இருக்கும் இன்னொருவருக்கு ஷாக்! வளர்ப்பா, ரத்தமா என்று நிரூபிக்க ஒரு டாக்டர் குழந்தைகளை மாற்றி வைத்து ஆராய்ச்சி வேறு. கதை நடப்பது நம்ம ஊட்டியில். படத்தில் வரும் அந்தப் பளபளா ஊட்டியைப் பார்த்தால் நீலகிரி மாவட்டத்துக்காரர்களே ஊர் மாறாட்டம் என்று புகார் கொடுப்பார்கள். படம் படுத்துவிட்டது.

படுத்தது எனக்கு சந்தோஷமில்லை. ஆனால் காரணம் தெளிவு. மூல நாடகத்துக்குத் தேவைப்பட்டவை ஒரு தங்கச் சங்கிலி, ஒரு கயிறு, சாத்திய கதவு ஒன்று. சொந்த வீட்டுக் கதவைப் புருஷன் தட்டுகிறான். உள்ளே அவன் பெயரில் வேறொருவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். இதற்கு மேல் கரண்ட் எதற்கு?

கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும்: 'ரசிகனுக்குப் புரியாது சார்.' இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். எந்த ரசிகனுக்கு? ஷேக்ஸ்பியரின் இன்னொரு இரட்டையர் நாடகமான 'ட்வெல்த் நைட்' தமிழில் 1949-லேயே 'கன்னியின் காதலி' ஆகிவிட்டது. கண்ணதாசன் முதன்முதலில் பாட்டெழுதிய படம். மாதுரி தேவி பெண்ணாகவும் ஆணாகவும் வந்தார். டூரிங் கொட்டகை காலத்து ஜனங்களுக்குப் புரிந்தது. 1981-ல் 'தில்லுமுல்லு'வில் ரஜினி ஒரு மீசையை வைத்தே இல்லாத தம்பியை உண்டாக்கினார். புரிந்தது. 1990-ல் 'மைக்கேல் மதன காமராஜன்'. நாலு கமல்! காமேஸ்வரன் பாலக்காட்டுத் தமிழில் வாயைத் திறந்ததுமே யார் என்று தெரிந்துவிடும். மேடையில் பழுத்த கிரேஸி மோகனின் வசனத்தைப் பிடிக்க ஜனங்கள் ஓடினார்கள். யாருக்கும் விளக்கவுரை தேவைப்படவில்லை. ரசிகன் அன்றிலிருந்தே தயார். நீங்கள்தான் தயாரில்லை.

இந்தக் கதைகளின் அடிமடியில் இருப்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள். 'காமெடி ஆஃப் எரர்ஸ்' தொடங்குவதே ஒரு கிழவனுக்கு மரண தண்டனை விதிப்பதில்தான். சாயங்காலத்துக்குள் பணம் கட்டாவிட்டால் தலை போகும். அந்தக் கிழவன்தான் இரட்டையரின் அப்பா. நடுவில், 'நான் சொல்வது நிஜம்' என்று கத்தும் ஒருவனைப் பைத்தியம் என்று கட்டிப் போடுகிறார்கள். நீ நீயில்லை என்று ஊரே சேர்ந்து சொன்னால் ஒரு மனுஷன் என்ன ஆவான்? அந்தப் பயத்தின் மேல்தான் சிரிப்பு உட்கார்ந்திருக்கிறது. பயத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கூச்சல்.

இது நமக்குத் தெரியாத பயமா? இனிஷியல் மாறிப்போன ரேஷன் கார்டு, ஒரு எழுத்து தப்பிப்போன ஆதார், பிறந்த தேதி ஒத்துப்போகாத டி.சி. இவற்றைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீஸில் 'நான்தாங்க அது' என்று நின்றவர்கள் நம்மில் எத்தனை பேர்? ரோமிலிருந்து வந்த கதைக்கு நம்மூரில் ரத்தமும் சதையும் ரெடியாக இருக்கிறது. அதை விட்டுவிட்டு மின்சாரத்தைத் தேடிப் போகிறார்கள்.

ஆகவே, டபுள் ஆக்‌ஷன் காமெடி எடுக்கப் போகும் புண்ணியவான்களே! மூலக்கதை யாருடையது என்று டைட்டிலில் போடுங்கள். செத்து 400 வருஷத்துக்கு மேலான ஷேக்ஸ்பியர் ராயல்டி கேட்டு வர மாட்டார். ஓட்டைகளை அடையுங்கள், பஞ்ச் டயலாக் வேண்டாம். நீங்கள், வாசகர்களே, அடுத்த தடவை ஹீரோ கண்ணாடி மாட்டிக்கொண்டு 'நான் அவனில்லை' என்று விளக்க ஆரம்பித்தால் தயங்காமல் எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.

'அங்கூர்' முடியும்போது ஷேக்ஸ்பியர் படம் நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கும். 'உனக்கும் எனக்கும் எல்லாம் தெரியும், அவங்களுக்குத்தான் தெரியாது' என்பதுபோல. ரசிகனைப் பார்த்து அப்படி ஒருமுறை கண்ணடியுங்கள் போதும். கண்ணைக் குத்தாதீர்கள்.