காணாக்கடி இல்ல பாஸ்!

உடம்பெல்லாம் திட்டுத் திட்டா தடிச்சு, அரிப்பு தாங்காம ஒரு குழந்தை அழுதா நம்ம ஊர்ல முதல்ல வர்ற வார்த்தை 'காணாக்கடி'. அதாவது கண்ணுக்குத் தெரியாம ஏதோ கடிச்சிருச்சு! உடனே வெத்தலையில மிளகை வச்சு மெல்லக் குடுப்பாங்க. பெரும்பாலும் தடிப்பு தானா அமுங்கிடும். பேரு மட்டும் மிளகுக்குப் போயிடும்.

ஆனா கடிச்சது எதுவுமே இல்லாம, கொஞ்ச நேரம் முன்னாடி சாப்பிட்ட முட்டையோ கடலை மிட்டாயோ காரணமா இருந்தா? அடுத்த என்.எஸ்.எஸ். கேம்ப்புக்கு கை நிறைய பிஸ்கட்டும் மிட்டாயுமா கல்வராயன் மலை ஏறப்போறவங்க இதைக் கொஞ்சம் கவனிங்க.

நம்ம இன்ஜினீயரிங் பாஷையில சொன்னா, வீட்டு எம்.சி.பி. ஒரு ஜீரோ வாட்ஸ் பல்புக்கே ட்ரிப் ஆகுற மாதிரி. சாதாரண பால், முட்டை, வேர்க்கடலை, இறால்ல இருக்கிற புரதத்தைப் பார்த்து, 'எதிரி வந்துட்டான்'னு உடம்பு அலறுது. ஹிஸ்டமின் மாதிரி ரசாயனங்கள் கொட்டுது. தோல்ல மட்டும்னா தடிப்பு. கூடவே உதடு, நாக்கு வீங்கறது, குரல் கம்மறது, மூச்சு இழுக்கறது, விடாம வாந்தி, குழந்தை துவண்டு சாயறது... இதுல எது சேர்ந்தாலும் அது அனாஃபிலாக்சிஸா இருக்கலாம். உயிருக்கே ஆபத்து. சில சமயம் தோல்ல ஒண்ணுமே தெரியாமலும் இது வரும்.

பயமுறுத்தல, இது அபூர்வம்தான். 2020-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வுல, இந்தியப் பள்ளிக் குழந்தைகள்ல உணவு அலர்ஜி இருக்க வாய்ப்புள்ளவங்க 0.14 சதவிகிதம். ஆயிரத்துல ஒண்ணு, ரெண்டு. ஆனா அந்த ஒரு குழந்தை எங்க இருக்குங்கறதுதான் கேள்வி. பிரிட்டன்ல 2000-ல் வெளியான ஒரு ஆய்வுல, உணவு அலர்ஜியால இறந்தவங்களுக்கு மூச்சோ இதயமோ நிக்கறதுக்கு ஆன நேரம், நடுமதிப்பா வெறும் 30 நிமிஷம். வெள்ளிமலையில இருந்து கச்சிராயபாளையம் வழியா அந்த வளைவுகள்ல இறங்கி கள்ளக்குறிச்சி வந்து, சிறுவங்கூர்ல இருக்கிற மெடிக்கல் காலேஜைத் தொடறதுக்குள்ள அந்த 30 நிமிஷம் எப்பவோ முடிஞ்சிருக்கும். மலை மக்களோட நிலைமையை சென்னை உயர் நீதிமன்றமே 2024-ல் தானா முன்வந்து வழக்கா எடுத்து விசாரிச்சது ஞாபகம் இருக்கா?

அதனால 'பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்'னு ஓடாதீங்க. தேவைப்படற மருந்து ஒண்ணே ஒண்ணு. அட்ரினலின் ஊசி, தொடையோட வெளிப்பக்கத் தசையில. தடுப்பூசி போடற இடத்துல இது கையிருப்புல இருக்கணும்ங்கறது விதி. அதனால பக்கத்துல இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துலயே முதல் ஊசியைப் போட்டுட்டு, அப்புறம் 108-ல் கீழே இறங்கலாம். அவில் மாத்திரை அரிப்பைக் குறைக்கும். அடைக்கிற தொண்டையைத் திறக்காது. 'அவில் போட்டாச்சு, பார்ப்போம்'னு காத்திருக்கறதுதான் டேஞ்சர். குழந்தையைப் படுக்க வச்சு காலை உயர்த்துங்க. மூச்சு திணறினா உட்கார வைங்க. நடக்க மட்டும் விடாதீங்க. சரியானாலும் சில மணி நேரம் டாக்டர் கண் முன்னாடியே இருக்கணும். அடங்கினது மறுபடி கிளம்பி வர்றதும் உண்டு.

பள்ளிக்கூடத்துலயும் ஒரு வழி இருக்கு. சத்துணவுல 5 நாளும் முட்டை. சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். முட்டை ஒத்துக்காத குழந்தைக்கும் அதையே கேட்டு வாங்கலாம். ஆனா அம்மா அதை டீச்சர்கிட்டயும் சத்துணவு அமைப்பாளர்கிட்டயும் சொல்லியிருக்கணும். 'எம் புள்ளைக்கு முட்டை சேராதுங்க'ன்னு ஒரு தாய் சொன்னா, 'ஓவர் செல்லம்'னு சிரிக்காம நோட்டுல எழுதி வச்சா போதும்.

அதுக்காக எல்லாக் குழந்தைக்கும் முட்டை, கடலையை நிறுத்திடக் கூடாது. சத்து அதுலதானே இருக்கு! லண்டன்ல 640 குழந்தைகளை வச்சு நடந்து 2015-ல் வெளியான லீப் ஆய்வுல, அலர்ஜி வர வாய்ப்பு அதிகமுள்ள கைக்குழந்தைகளுக்கு சீக்கிரமே கடலை உணவைப் பழக்கினதுல, கடலை அலர்ஜி 80 சதவிகிதம் அளவுக்குக் குறைஞ்சது. (அந்த மாதிரிக் குழந்தைக்கு டாக்டரைக் கேட்டுத்தான் ஆரம்பிக்கணும். முழுக்கடலை வேண்டவே வேண்டாம், தொண்டையில சிக்கிடும்.)

அப்புறம் எள்ளு. 2016-ல் நடாஷாங்கற 15 வயசுப் பொண்ணு, லண்டன் ஏர்போர்ட்ல வாங்கின சாண்ட்விச்சுல எள் இருந்தது தெரியாம சாப்பிட்டு இறந்துபோனா. லேபிள்ல எள் பேரு இல்ல. அந்த அப்பா, அம்மா போராடி, 2021-ல் 'நடாஷா சட்டம்' வந்துச்சு. நம்ம எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2020-ல் போட்ட லேபிள் விதியில பால், முட்டை, கடலை, சோயா எல்லாம் இருக்கு, எள்ளு இல்ல. இருந்தாலும் சந்தையில பாட்டில்ல போட்டு விக்கிற எள்ளுருண்டைக்கு ஏது லேபிள்? வாங்கறப்போ 'அக்கா, இதுல என்னென்ன போட்டிருக்கீங்க?'ன்னு கேளுங்க. குடுக்கறப்போ, 'கண்ணு, உனக்கு எதாவது சாப்பிட்டா சேராதா?'ன்னு கேளுங்க.