விலைச்சீட்டுக்கு வெளியே நின்ற பை

தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்தின் விலையை நோயாளி காணும்படி எழுதி வைத்தே தீர வேண்டும் என்று 2025 மே 1 முதல் அமலுக்கு வந்த உத்தரவை நாம் ஆதரிக்கிறோம்; வைத்தியத் தொழிலை வாணிபச் சட்டத்தால் ஆள்வது தகுமா என்று மே 6 அன்று புத்ராஜெயாவில் திரண்ட மருத்துவர்களின் மனத்தாங்கல் அலட்சியத்துக்குரியதன்று எனினும், நோயாளியின் பக்கமே நியாயம் அதிகம் என்பது நமது அபிப்பிராயம்.

ஆனால் உத்தரவு மருந்தோடு நின்றுவிட்டது. கொலஸ்டமிப் பையோ 2012ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டத்துக்கு உட்பட்டது. ஆகவே லோப்பெரமைடுக்கு விலைச்சீட்டு உண்டு, அதை விழுங்குகிறவர் வயிற்றில் ஒட்டும் பைக்கு இல்லை.

இதன் விளைவை லாபு, ரந்தாவ், பகாவ் தோட்டப்புறங்களில் பணிபுரியும் நம்மவர் அறிவர். சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையில் அறுவை முடிந்து லயத்துக்குத் திரும்புகிறவருக்கு அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டுக்கு மாத்திரை கிடைக்கிறது. பையைப் பெரும்பாலும் தம் கைக்காசில் வாங்க வேண்டியிருப்பதால், பை நிறையாதிருக்கவும், காலைப் பெரட்டில் நாலு பேர் நடுவே நாற்றமின்றி நிற்கவும், அவர் இராச் சோற்றை விட்டுவிடுகிறார். பசியில்லை என்று அவர் சொல்வதை நாமும் அப்படியே எழுதிக்கொள்கிறோம். நீரிழிவும் உடையவராயின், மாலை கிளிக்லாசைடை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு படுக்கிறவருக்கு நடுநிசியில் சர்க்கரை இறங்குகிறது. வியர்வை பெருகிப் பையின் பசை நெகிழ்கிறது. மிச்ச நித்திரையும் கசிவைத் துடைப்பதில் போய்விடுகிறது. மறுமாதம் அவர் உறக்கமில்லை என்று வந்தால், புழுக்கத்தைக் காரணம் காட்டித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுக்கிறோம். டிராமடால் மலத்தைக் கட்டும், மெட்ஃபார்மின் இளக்கும் என்று அறிந்த நமக்கு, பையின் விலை ஒருவரின் ஆகாரத்தையே குறைக்கும் என்பது ஏன் மருந்துச் சரித்திரத்தில் சேரவில்லை?

தோட்டத் தொழிலாளியின் குடியிருப்புக்கு இன்னின்ன வசதி வேண்டும் என்று 1990இல் சட்டமியற்றத் தெரிந்த அதிகார வர்க்கத்துக்கு, அந்தக் குடியிருப்புக்குள் இரவெல்லாம் பையைத் தடவிக்கொண்டு விழித்திருக்கும் மனிதன் இன்றுவரை கண்ணில் படவில்லை. மாத்திரைக்கு விலை கேட்கத் தெரிந்த அமைச்சுகள் பைக்குக் கேட்க மறந்தது, அதை வாங்குகிறவர்களுக்குக் குரலில்லை என்பதாலேயே என்று நாம் கருதுகிறோம்.

சுகாதார அமைச்சும் உள்நாட்டு வாணிப அமைச்சும் ஸ்டோமா சாதனங்களை இவ்வுத்தரவில் சேர்க்க வேண்டும். அரசாங்க மருத்துவமனைகள் அவற்றை மருந்தைப்போல் மாதந்தோறும் வழங்க வேண்டும். வாசக அன்பர்கள் அதுவரை காத்திராமல், மருந்துச் சீட்டை மாற்றுமுன், "ஐயா, ராத்திரி சாப்பிட்டீங்களா? வீட்டில் எத்தனை பை மிச்சமிருக்கு?" என்று கேட்டு, அந்தப் பதிலையும் நோயாளியின் அட்டையில் எழுதி வைக்கும்படி வேண்டிக்கொள்கிறோம்.